கொடையாக வரும் இயந்திரங்களும் பொதுப் பட்டறையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

உலோக வேலை இயந்திரங்களைக் கொடையாகப் பெற்று, உறுப்பினர்கள் அனைவரும் பொதுவில் பயன்படுத்தும் பட்டறை ஒன்றை அமைக்க முயலும் குழுக்களிடமிருந்து வந்த கேள்விகள் இந்தப் பகுதியில் இடம்பெறுகின்றன. ஒரே ஐயத்தைப் பலர் வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்ததால், அவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: மூடப்படும் தொழிற்கூடம் ஒன்று எங்கள் குழுவுக்கு ஒரு லேத் (சுழலும் உலோகத்தை உளியால் கடைவது), ஒரு மில்லிங் மெஷின் (சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்குவது), ஒரு ஷேப்பர் (முன்னும் பின்னும் போய்வரும் உளியால் சீவுவது), இரண்டு டிரில்லிங் மெஷின், ஒரு சர்ஃபேஸ் கிரைண்டர் (பரப்பைச் சாணைக்கல்லால் தேய்ப்பது) ஆகிய அனைத்தையும் இலவசமாகத் தர முன்வந்திருக்கிறது. எங்களுக்கு ஒரே ஒரு கூடம்தான் இருக்கிறது. இப்படி ஒரு வாய்ப்பு மறுபடி வராது என்பதால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். ஒவ்வோர் இயந்திரத்துக்கும், அதன் எண்ணெய், பழுது, தூய்மை ஆகியவற்றை இன்னார் கவனித்துக்கொள்வார் என்று ஒருவர் பெயரை இப்போதே சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். பெயர் சொல்ல முடியாத இயந்திரம், வந்து இறங்கிய இடத்திலேயே துருப்பிடித்து நிற்கும்; இடத்தை அடைப்பதோடு, அரைகுறையாக ஓடும் நிலையில் இருந்தால் ஆபத்தாகவும் இருக்கும். இலவசமாகக் கிடைப்பது இரும்பு மட்டுமே. அதை ஏற்றி இறக்குவது, மின் இணைப்பு, எண்ணெய், வெட்டுக்கருவிகள், அளவுக்கருவிகள் என்று பின்னால் வரும் செலவு, நல்ல நிலையில் உள்ள பழைய இயந்திரத்தையே விலைக்கு வாங்கும் அளவுக்குப் போய்விடுவது உண்டு.

உங்கள் பட்டியலில் முதலில் எடுக்க வேண்டியது டிரில்லிங் மெஷின்களில் நல்ல ஒன்றை. உறுதியான மேசையில் பொருத்திய இரண்டு வைஸ், ஒரு ரம்ப இயந்திரம், ஒரு சாணை இயந்திரம் ஆகியவையும் இருந்துவிட்டால், வருபவர்களின் வேலைகளில் பெரும்பகுதி லேத் ஓடுவதற்கு முன்பே நடக்கத் தொடங்கிவிடும். அடுத்தது லேத். லேத்தில் கைபழகிய நான்கைந்து பேர் உருவான பிறகு மில்லிங் மெஷின். சர்ஃபேஸ் கிரைண்டரை மறுத்துவிடுங்கள். நுண்ணளவு வேலைக்கான அந்த இயந்திரம் கல்தூள் பறக்கும் சூழலையும் கொண்டுவருகிறது, தொடக்க நிலையில் ஒரு பொதுப் பட்டறைக்கு அதனால் பயன் குறைவு.

ஷேப்பர் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள். அது மெதுவாக வேலை செய்வது உண்மைதான். ஆனால் மில்லிங் கட்டர்கள் விலை கூடியவை. ஷேப்பருக்கோ ஒற்றை முனையுள்ள ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) உளித் துண்டு போதும், அதையும் சாணையில் நீங்களே தீட்டிக்கொள்ளலாம். தட்டைப் பரப்பு, சாவிப் பள்ளம், சாய்தளம் என்று பலவற்றையும் அது செய்யும். உளி எப்படி உலோகத்தைச் சீவுகிறது என்பதைப் புதிதாகக் கற்பவர் கண்ணால் பின்தொடரக்கூடிய வேகத்தில் செய்யும். அதன் ராம் (உளியைத் தாங்கும் பகுதி) முன்னும் பின்னும் போய்வரும் பாதையில் யாரும் நுழையாதபடி தடுப்பு அமைக்க இடமிருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முப்பரிமாண அச்சுப்பொறியும் லேசர் வெட்டும் இயந்திரமும் இருக்கும் காலத்தில், ஐம்பது ஆண்டு பழைய லேத்துக்காக இவ்வளவு சிரமப்பட வேண்டுமா?

பதில்: வேண்டும் என்றே கருதுகிறேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீல் கெர்ஷென்ஃபெல்ட் தொடங்கிவைத்த ஃபேப் லேப் வகைப் பொதுத் தயாரிப்புக் கூடங்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியபோது, கணினியால் இயங்கும் வெட்டுக்கருவிகளே அவற்றின் மையமாக இருந்தன; அவற்றால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் தேய்ந்துபோன ஓர் அச்சுத்தண்டுக்கு மாற்றுச் செய்யவோ, பேரிங் உட்காரும் இடத்தைச் சரியான அளவுக்குக் கடையவோ, கிடைக்காத மரை (திருகுப் புரி) ஒன்றை வெட்டவோ லேத்தான் வேண்டும். 1800ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலேய இயந்திர வல்லுநர் ஹென்றி மாட்ஸ்லே, லீட் ஸ்க்ரூ (உளிப்பிடியைச் சீராக நகர்த்தும் நீண்ட திருகு), நழுவும் உளிப்பிடி, மாற்றுப் பற்சக்கரங்கள் ஆகியவற்றை ஒரே இயந்திரத்தில் இணைத்தார். இன்றைய மரபு லேத்தும் அதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. ஆகவே ஐம்பது ஆண்டு என்பது லேத்துக்குப் பெரிய வயதில்லை. அது எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: லேத்தை ஏற்றுக்கொள்வதற்கு முன் அதன் நிலையை எப்படிச் சோதிப்பது? எங்களில் யாரும் இயந்திரத் தொழிலாளி இல்லை.

பதில்: முடிந்தால் அனுபவமுள்ள ஒரு மெஷினிஸ்டை உடன் அழைத்துப் போங்கள். அப்படி யாரும் கிடைக்காவிட்டாலும், பின்வரும் சோதனைகளை நீங்களே செய்யலாம்.

புதிதாகப் பூசிய பெயின்டை நம்பாமல், முதலில் பெட்டை, அதாவது லேத்தின் நீண்ட அடிப்படுகையைப் பாருங்கள். லேத்தின் வேலையில் பெரும்பகுதி சக்கின் (வேலைப்பொருளைப் பிடித்துச் சுழற்றும் பிடிப்பான்) அருகிலேயே நடப்பதால் தேய்மானமும் அங்கேதான் அதிகமாக இருக்கும். கேரியேஜை (பெட்டின் மேல் நகரும் உளிதாங்கி) சக்கின் அருகே கொண்டுவந்து, அதன் பூட்டுத் திருகைச் சற்றே இறுக்கி, கைப்பிடியால் டெயில்ஸ்டாக் (சக்குக்கு எதிர்முனையில் உள்ள தாங்கி) பக்கமாக நகர்த்துங்கள். தொடக்கத்தில் இலகுவாக நகர்ந்து, போகப்போக இறுகி நின்றுவிட்டால் பெட் தேய்ந்திருக்கிறது என்று பொருள். இதைச் சரிசெய்வது செலவு மிக்க வேலை. இதற்கு மாறாக, குறுக்கு நகர்வின் கைப்பிடி கால் சுற்று வெறுமனே சுழன்ற பிறகே உளி நகரத் தொடங்கினால் கவலைப்பட வேண்டாம். அதன் நட்டை மாற்றிவிடலாம், மாற்றும் வரையிலும் எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவுக்கு வந்தால் துல்லியம் கெடாது.

அடுத்தது ஸ்பிண்டில், அதாவது சக்கைச் சுழற்றும் தண்டு. ஸ்பிண்டிலின் மூக்கின் மேல் டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுக்கருவி) வைத்து, சக்கில் ஒரு மரக்கட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். முள் 0.02 மி.மீ. அளவுக்குள் அசைந்தால் நல்லது. 0.1 மி.மீ. போல ஆடினால் பேரிங்கைச் சரிசெய்தோ மாற்றியோ ஆக வேண்டும். பிறகு ஹெட்ஸ்டாக்கில் (ஸ்பிண்டிலைத் தாங்கும் பெட்டி) எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மட்டும், எல்லா வேகங்களிலும் ஓட்டிக் கேளுங்கள். ஒரே ஒரு கியரில் மட்டும் சீரான இடைவெளியில் தட்டும் ஓசை எழுந்தால் அந்தச் சக்கரத்தில் பல் உடைந்திருக்கக்கூடும். நடுத்தர வேகத்தில் அரை மணி நேரம் ஓடிய பின் பேரிங் பகுதி வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கையை வைத்திருக்க முடியாத அளவுக்குச் சுட்டால் இயல்பன்று.

கடைசியாக ஒரு கடைசல். ஏறத்தாழ 30 மி.மீ. விட்டமுள்ள கம்பியைச் சக்கிலிருந்து 150 மி.மீ. நீட்டிப் பிடித்து, இரு முனைகளிலும் அகலமான வளையம் போல விட்டு, நடுப்பகுதியைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிறகு உளியின் அளவை மாற்றாமல் இரண்டு வளையங்களையும் மெல்லிய வெட்டில் கடைந்து மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.02 மி.மீ.க்குள் இருந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருந்தால் உடனே மறுத்துவிடவும் வேண்டாம். சமமில்லாத தரையில் நின்று பெட் முறுக்கிக்கொண்டதாலும் இப்படி ஆகும். பாதத் திருகுகளைச் சரிசெய்து, நுண்மையான ரசமட்டத்தால் பெட்டை இரு முனைகளிலும் குறுக்கே சமப்படுத்தினால், தேய்ந்துவிட்டது என்று ஒதுக்கப்பட்ட எத்தனையோ லேத்துகள் சரியாகக் கடையத் தொடங்கிவிடுகின்றன.

இன்னொன்று. நான்கு தாடைச் சக், ஃபேஸ் பிளேட் (பொருளைப் பூட்டும் வட்டத் தட்டு), மாற்றுப் பற்சக்கரங்கள், ஸ்டெடிகள் (நீண்ட கம்பியைத் தாங்குபவை), டெயில்ஸ்டாக் சென்டர்கள் (கூர்முனைத் தாங்கிகள்), கையேடு ஆகியவை எங்கே என்று அன்றைக்கே கேட்டு, இயந்திரத்தோடு ஒரே வண்டியில் ஏற்றிவிடுங்கள். பின்னர் தேடி அனுப்புகிறோம் என்று சொல்லப்படும் துணைப்பொருட்கள் பெரும்பாலும் வந்து சேர்வதில்லை.

கேள்வி: கனமான இயந்திரங்களை நாங்களே இடம் மாற்றலாமா?

பதில்: ஒரு டன்னை நெருங்கும் எதையும் தொழில்முறையாகச் செய்பவர்களிடமே விடுங்கள், மொத்த முயற்சியிலும் பணத்தைச் சேமிக்கக் கூடாத இடம் இது. லேத் மேல்பாரம் கூடியது, ஹெட்ஸ்டாக் பக்கம் அதன் எடை குவிந்திருக்கிறது, அதனால் சிறிய சாய்விலேயே கவிழ்ந்துவிடும். தூக்குவதற்கு முன் கேரியேஜையும் டெயில்ஸ்டாக்கையும் ஹெட்ஸ்டாக்குக்கு எதிர்முனைக்குத் தள்ளிப் பூட்டுங்கள். தூக்குப் பட்டை லீட் ஸ்க்ரூவின் மேலோ ஃபீட் ராடின் (கேரியேஜைத் தானாக நகர்த்தும் தண்டு) மேலோ அழுந்தக் கூடாது; ஒருமுறை வளைந்த லீட் ஸ்க்ரூ அதன் பிறகு சரியான மரை வெட்டாது. கூடத்துக்குள் தரையோடு நகர்த்த இரும்புக் குழாய் உருளைகளும் கடப்பாரையும் போதும். தூக்கிய பாரத்தின் கீழே கையோ காலோ ஒரு கணமும் போகக் கூடாது.

கேள்வி: இயந்திரங்கள் மும்முனை மின்சாரத்தில் ஓடுபவை, எங்கள் கூடத்தில் இருப்பது ஒருமுனை இணைப்பு. மோட்டார்களை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றுவதற்கு முன் மோட்டாரின் மேல் உள்ள தகட்டைப் படியுங்கள். அதில் 230/400 வோல்ட் என்றிருந்தால், டெல்டா இணைப்பில் 230 வோல்ட்டிலும் ஸ்டார் இணைப்பில் 400 வோல்ட்டிலும் அது ஓடும் (இவை மோட்டாரின் சுருள்களை இணைக்கும் இரு முறைகள்). ஒருமுனை 230 வோல்ட்டை வாங்கி மும்முனை 230 வோல்ட்டாகத் தரும் வி.எஃப்.டி. என்ற மின்னணு வேகக்கட்டுப்பாட்டுக் கருவியை அத்தகைய மோட்டாரோடு, டெல்டாவுக்கு மாற்றிய பின், இணைக்கலாம். 2.2 கிலோவாட் வரையிலான மோட்டார்களுக்கு இக்கருவி எளிதாகக் கிடைக்கிறது. தகட்டில் 400/690 என்றிருந்தால் அந்த மோட்டாருக்கு டெல்டாவிலும் 400 வோல்ட் தேவை என்பதால் இந்த வழி பயன்படாது.

வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவே பழைய சுவிட்சையோ கான்டாக்டரையோ (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து, ஓடும்போது இணைப்பைத் துண்டித்தால் கருவி பழுதாகும். லேத்தின் முன், பின், நிறுத்து விசைகளைக் கருவியின் கட்டுப்பாட்டு முனைகளுக்கே கொண்டுபோக வேண்டும். வேகத்தை மின்சாரத்தாலேயே குறைத்துக்கொள்ளலாம் என்று கியரை மறந்துவிடவும் கூடாது. மோட்டாரின் விசிறி அதன் தண்டிலேயே இருப்பதால், மெதுவாகச் சுழலும்போது காற்றும் குறைந்து மோட்டார் சூடேறும். நான்கைந்து இயந்திரங்கள் வந்துவிட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவி வாங்குவதைவிட மும்முனை இணைப்பே பெறுவது நல்லது.

எந்த வழியில் போனாலும் இரண்டு விதிகளைத் தளர்த்த வேண்டாம். மின்சாரம் போய்த் திரும்ப வரும்போது இயந்திரம் தானே ஓடத் தொடங்காதபடி ஸ்டார்ட்டரோ வி.எஃப்.டி.யோ அமைக்கப்பட்டிருக்க வேண்டும். எர்த் இணைப்பையும் முழு வயரிங்கையும் உரிமம் பெற்ற மின்பணியாளர் சோதித்துக் கையொப்பமிட வேண்டும். முதல் ஓட்டத்துக்கு முன் சக்கைக் கழற்றிவிடுங்கள். முனைகள் மாறி இணைந்திருந்தால் ஸ்பிண்டில் எதிர்த்திசையில் சுழலும். மரையில் திருகி மாட்டும் வகைச் சக் அப்போது தானாகக் கழன்று விழக்கூடும்.

கேள்வி: பல ஆண்டுகள் கிடந்த இயந்திரத்தின் துருவையும் பிசுக்கையும் எப்படி நீக்குவது?

பதில்: மண்ணெண்ணெய், பழந்துணி, மெல்லிய நைலான் தேய்ப்பான், பொறுமை ஆகிய நான்கும் போதும். பெட்டின் வழுக்குப் பரப்புகளில் உப்புத்தாள் போடவே கூடாது. உதிரும் மணல் கேரியேஜின் அடியில் புகுந்து இருபுறமும் தேய்க்கும். சிறிய இரும்பு உறுப்புகளைச் சலவைச் சோடா கரைத்த நீரில் மின்பகுப்பு முறையில் சுத்தம் செய்யலாம், ஆனால் நேர்முனையாகச் சாதாரண இரும்புத் தகட்டையே வையுங்கள், ஏனெனில் துருப்பிடிக்காத எஃகை வைத்தால் நச்சுக் குரோமியம் நீரில் சேரும். மிகப் பழைய பெயின்டில் ஈயமும், பிரேக், கிளட்ச் பட்டைகளில் கல்நாரும் இருக்கக்கூடும் என்பதால் அவற்றை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம். எண்ணெய்த் துளைகள் ஒவ்வொன்றும் திறந்திருக்கின்றனவா என்று மெல்லிய கம்பியால் பாருங்கள். உள்ளே இறுகிப்போன கிரீஸ், மேலே நாம் விடும் எண்ணெயைக் கீழே இறங்கவிடாமல் தடுத்துவிடும்.

கேள்வி: யாரை இயந்திரத்தில் கைவைக்க அனுமதிப்பது? கடுமையான விதிகள் புதியவர்களை விரட்டிவிடும் என்று எங்களில் சிலர் அஞ்சுகிறார்கள்.

பதில்: அந்த அச்சத்தைப் புரிந்துகொள்கிறேன், ஆயினும் விதியைத் தளர்த்துவது அதற்குத் தீர்வாகாது. புதியவர்களுக்கு விரைவாகப் பயிற்சி தரும் ஏற்பாடுதான் தீர்வு. வைஸ், அரம், கைரம்பம் ஆகியவற்றை வந்த அன்றே தொடலாம். டிரில்லிங் மெஷினுக்கும் சாணைக்கும் ஒரு குறும்பயிற்சி. லேத்துக்கும் மில்லிங்குக்கும் ஒருவருக்கொருவராக நின்று பயிற்சி அளித்து, அவரே முழு வேலையையும் செய்து காட்டிய பிறகு, அந்த இயந்திரத்தின் பதிவேட்டில் பெயர் எழுதப்பட வேண்டும். மின்விசையில் பூட்டு இருந்து, சாவி பெயர் உள்ளவருக்கு மட்டும் தரப்பட்டால் வாக்குவாதத்துக்கே இடமில்லை. தனியாக இருக்கும்போது யாரும், எவ்வளவு கைதேர்ந்தவரானாலும், இயந்திரத்தை ஓட்டக் கூடாது.

லேத்தில் நேரும் கொடிய விபத்துகளுக்குப் பெரும்பாலும் சுழற்சியில் சிக்கும் துணியோ தலைமுடியோ காரணமாகிறது. தளர்ந்த கைச்சட்டை, கழுத்தில் தொங்கும் துணி, மோதிரம், வளையல், கட்டாத கூந்தல் எதுவும் கூடாது. கையுறை பாதுகாப்புத் தரும் என்று பலர் நினைக்கிறார்கள். சுழலும் பொருளின் அருகே அது கையையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும் என்பதால் அங்கே அணியவே கூடாது. வெட்டில் வரும் சுருள்களைக் கையால் பிடித்திழுக்காமல், இயந்திரத்தை நிறுத்திக் கொக்கியால் நீக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி, பார்க்க வந்தவருக்கும் கட்டாயம்.

சாணை இயந்திரம் சிறியது என்பதால் அலட்சியப்படுத்தப்படுகிறது. புதிய கல்லை மாட்டும் முன் அதன் நடுத்துளையில் விரல் விட்டுத் தொங்கவிட்டு மரப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். மணி போல ஒலித்தால் நல்லது, மந்தமாக ஒலித்தால் விரிசல் இருக்கலாம், அந்தக் கல்லை உடைத்துப் போட்டுவிடுங்கள். கல்லில் எழுதியுள்ள உச்ச வேகம் இயந்திரத்தின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். தாங்குமேசைக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போகாமல் அவ்வப்போது நெருக்கிக்கொள்ளுங்கள். மாட்டிய பின் ஒரு நிமிடம், கல்லின் நேர் எதிரே நிற்காமல் ஒதுங்கி நின்று, வெறுமனே ஓட்டுங்கள். அலுமினியத்தை அதில் தீட்ட வேண்டாம்; கல்லின் துளைகள் அடைத்து வெடிப்புக்கு வழியாகும்.

வேகக் கணக்கையும் முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். மென்னெஃகை ஹெச்.எஸ்.எஸ். உளியால் கடையும்போது வெட்டு வேகம் நிமிடத்துக்கு 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதை 1000ஆல் பெருக்கி, பை (3.14) என்ற எண்ணையும் மி.மீ.யில் அளந்த விட்டத்தையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். 25 மி.மீ. கம்பிக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 380 சுற்று வருகிறது. புதியவர்கள் வழக்கமாக வைக்கும் வேகம் இதைவிடக் கூடுதலாக இருக்கும். உளி சிவந்து மழுங்குவதற்கு அதுவே காரணம்.

கேள்வி: இயந்திரம் தருபவர், அதை ஒருபோதும் விற்கவோ மாற்றவோ கூடாது என்று நிபந்தனை விதிக்கிறார். ஏற்கலாமா?

பதில்: நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள், அல்லது நிபந்தனையை நீக்கச் சொல்லிக் கேளுங்கள். இயந்திரம் முழு உரிமையோடு தரப்படுகிறது, தேவைப்பட்டால் பட்டறை அதை விற்கலாம், பிரிக்கலாம், வேறொரு பட்டறைக்குக் கொடுக்கலாம், அந்தத் தொகை பட்டறைக்கே செலவாகும் என்று ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். கொடையாளர் பெயரை இயந்திரத்தின் மேல் பொறித்து வைப்பதில் தடையேதும் இல்லை. அது மகிழ்ச்சியோடு செய்ய வேண்டிய காரியம். கடனாக, திரும்பக் கேட்கும் உரிமையோடு வைக்கப்படும் இயந்திரங்களை நான் ஆதரிப்பதில்லை. அதைச் சீர்செய்ய உழைத்தவர்கள் ஒருநாள் அது திரும்பிப் போவதைப் பார்த்து மனம் நொந்து விலகிவிடுகிறார்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற கடைசல் தொழிலாளி ஒருவர் எங்களுக்கு உதவ முன்வந்திருக்கிறார். வேலையில் மிகவும் தேர்ந்தவர்; ஆனால் வகுப்பெடுக்கச் சொன்னால் தயங்குகிறார். அவரிடம் கற்றுக்கொள்வது எப்படி?

பதில்: இவரைப் போன்ற ஒருவர் கிடைத்தது, கொடையாக வரும் எந்த இயந்திரத்தையும்விடப் பெரிய பேறு. அவரை மேடையில் நிறுத்தாதீர்கள். ஒரு வேலையைக் கொடுத்து, அருகில் இரண்டு பேர் மட்டும் நின்று, செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யும்படி கேளுங்கள். இருவரில் ஒருவர் குறிப்பெடுக்கட்டும். அவருடைய கைக்குப் பழகிப்போனதால் அவர் சொல்லாமல் விட்டுவிடுபவற்றைத்தான் நீங்கள் கவனித்துக் கேட்க வேண்டும். உளியின் முனை ஸ்பிண்டிலின் மைய உயரத்தில் இருக்கிறதா என்று அவர் எப்படிப் பார்க்கிறார் என்று கேளுங்கள். அநேகமாக, இயந்திரம் நின்றிருக்கும்போது, உளி முனைக்கும் உருண்டைக் கம்பிக்கும் இடையே ஒரு மெல்லிய எஃகு அளவுகோலை வைத்து லேசாக நெருக்கிக் காட்டுவார். அளவுகோல் செங்குத்தாக நின்றால் உயரம் சரி. அதன் மேல்முனை நம் பக்கம் சாய்ந்தால் உளி தாழ்ந்திருக்கிறது, அப்பால் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது.

முதல் வேலைகளாகப் பட்டறைக்கே தேவையானவற்றைச் செய்யச் சொல்லுங்கள். மில்லிங் மேசைக்கான டி வடிவ நட்டுகள், மரை வெட்டும் டாப்புக்கான கைப்பிடி, சக் சாவிக்கு ஒரு சுருள்வில் ஆகியவை நல்ல தொடக்கம். சக்கிலேயே விடப்பட்ட சாவி, இயந்திரம் சுழன்றதும் எறிகணையாகப் பறக்கும். வில் பொருத்திய சாவியோ கையை எடுத்தவுடன் தானே வெளியே தள்ளப்பட்டு விழுந்துவிடும். ஒரு வேலையை ஒருவர் இரண்டு முறை செய்து முடித்தபின், அடுத்து வருபவருக்கு அவரே கற்பிக்கட்டும், பெரியவர் பக்கத்தில் அமர்ந்து பார்த்துத் திருத்தட்டும். அந்த நிலையில் அவருக்கும் தயக்கம் இருக்காது.